கூரை வரைக்கும் ஒரு சுவர்

போன வாரம் ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் இரண்டு பருப்பு வடை வாங்கினேன். நல்ல சூடு. கை மாற்றி மாற்றிப் பிடித்தேன். அப்போதுதான் சுற்றிக் கொடுத்த தாள் கண்ணில் பட்டது.

ஒரு பெண்ணின் அடையாள அட்டை. போட்டோ கொப்பி. கன்னத்தில் எண்ணெய் ஊறியிருந்தது. பெயர், பிறந்த தேதி, தோட்டம்... எல்லாம் வடைக்கு அடியில்.

"இந்தத் தாள் எங்கேர்ந்து வந்துச்சுங்க?" என்று வடைக்காரரைக் கேட்டேன்.

"கட்டுக் கட்டா வெலைக்கு எடுக்குறோம். எந்த ஆபீஸ்ல கழிச்சதோ... ஏன், வடை சரியில்லியா?"

வடை சரியாகத்தான் இருந்தது. எனக்குத்தான் இறங்கவில்லை. ஓரமாக நின்று கொழும்புக்கு ஒரு போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"படிச்சிட்டீங்களா மாமா?"

"கண்ணுல பட்டுச்சு."

"இனிப் படிக்காதீங்க. கிழிச்சு அடுப்புல போட்டுருங்க."

"வடையையா?"

"அதைச் சாப்பிடுங்க."

இந்த வாரம் என் பத்திரிகைப் பத்தியில் எழுதப் போவது இவளைப் பற்றித்தான். சட்டத்தரணி. நம் மலையில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயம் ஒன்றில் பிறந்த பிள்ளை. எழுதட்டுமா என்று கேட்டேன். யோசித்துவிட்டுச் சொன்னாள்: "என் பேரு வேணாம். தோட்டத்துப் பேரு வேணாம். கேஸ்ல வர்றவங்க பேரு வேணவே வேணாம்."

"அப்புறம் என்னத்தை எழுதுறது புள்ள?"

"மிச்சத்தை எழுதுங்க."

ஆகவே இது மிச்சம். இதில் லெட்சுமி என்று ஒரு பெயர் வரும். அது உண்மைப் பெயர் இல்லை. ஆனால் உண்மைப் பெயரும் அதே மாதிரி, லயத்துக்கு லயம் கிடைக்கிற பெயர்தான்.

நான் அதிகம் படிக்கவில்லை. அதிகம் பேசவும் மாட்டேன். நோர்வூட்டில் கொமியூனிகேஷன் கடை, அதாவது காசுக்குப் போன் பேசும் கடை வைத்திருக்கிறேன். மற்றவர்கள் பேசுவதுதான் என் பிழைப்பு.

தொண்ணூறுகளில் கடையை ஆரம்பித்தபோது ஒரு மேசை, ஒரு போன். அவ்வளவுதான். கூண்டு, கதவு எதுவும் கிடையாது. போனில் ஒரு ஸ்பீக்கர் பட்டன் இருந்தது. அதுதான் கடையின் பெருமை. சவூதி, குவைத், டோஹா... வீட்டு வேலைக்குப் போன அம்மாமார் அங்கிருந்து கூப்பிடுவார்கள். ஒருத்தியிடமிருந்து கால் வந்தால் ஒரு லயமே இறங்கி வரும். ஸ்பீக்கரைப் போடாவிட்டால் சண்டை.

"ஏ ராசாத்தி, கேக்குதாடி? மஞ்ச கலர் சீல சொன்னேனே, மறந்துறாத!"

"ஒம் மாடு கன்னு போட்டிருச்சு! காளைக்கன்னு!"

"தள்ளுங்கடி, புருசங்காரனைப் பேச விடுங்க!"

புருஷன்காரன் போன் பக்கம் வருவதற்குள் பேச்சு முடிந்துவிடும்.

அந்தக் கூட்டத்தில் வெள்ளைச் சீருடையில் ஒரு பிள்ளை நிற்கும். அம்மா குவைத்தில். ஸ்பீக்கரில் அம்மா சொல்வார், "நல்லா இருக்கேன்." கூட்டம் சிரிக்கும், கத்தும், சீலை கேட்கும். பிள்ளை மட்டும் போனையே பார்த்துக்கொண்டு நிற்கும். பேசாது. ஒரு நாள் என்னிடம் கேட்டது.

"மாமா, இந்த ஸ்பீக்கரை அமத்திட்டுப் பேச முடியுமா?"

"முடியும். மத்தவங்களுக்குக் கேக்காதே?"

பிள்ளை திரும்பி வீட்டுக்குப் போய்விட்டது. கேட்காமல் இருப்பதற்குத்தான் அது கேட்டது என்று எனக்கு அப்போது பிடிபடவில்லை.

பிறகு அந்தப் பிள்ளை நன்றாகப் படித்தது. கொழும்புக்குப் போனது. சட்டக் கல்லூரி. கறுப்புக் கோட்டு. பௌர்ணமிப் போயா லீவுக்கு வந்தால் கடையில் ஒரு பிளேன்டீ குடிக்காமல் போகாது.

"என்ன கேஸ் எடுக்கிற புள்ள? காணியா? டைவோர்ஸா?"

"கம்பியூட்டர் மாமா."

"கம்பியூட்டரைத் திருடிட்டாங்களா?"

"கம்பியூட்டர் அங்கயேதான் இருக்கும். உள்ள இருக்கிறது மட்டும் வெளிய போயிரும்."

எனக்கு விளங்கவில்லை. தலையாட்டினேன். எனக்கு விளங்கவில்லை என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

அவள் வேலை பழகிய பெரிய சட்டத்தரணி காணி வழக்குக்காரர். ஒரு நாள் ஒரு கம்பெனிக்காரர் ஒரு டிஸ்க்கைக் கொண்டு வந்து மேசையில் வைத்தாராம். வேலையை விட்டுப் போனவன் வாடிக்கையாளர் விபரம் முழுவதையும் இந்த மாதிரி ஒன்றில் பதிந்துகொண்டு போய்விட்டான் என்று. பெரியவர் டிஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இவள் ஏற்கெனவே மாலை வகுப்பில் கம்பியூட்டர் படித்திருந்தாள். "நான் பாக்கட்டுங்களா சேர்?" அன்றைக்கு ஆரம்பித்தது. கூடப் படித்தவர்கள் கேலி செய்தார்களாம். கம்பியூட்டருக்கு எதற்கு வக்கீல், அது யாரைக் கத்தியால் குத்தியது என்று.

இப்போது? வங்கிக்காரர்கள் கூப்பிடுகிறார்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள் கூப்பிடுகிறார்கள். சிங்கப்பூரில் போய்ப் பேசிவிட்டு வந்தாள். பெரிய கம்பெனியில் ஏசி அறையில் உட்கார்ந்து முதல் கேள்வியாக ஒன்றுதான் கேட்பாளாம். "இவ்வளவு பேரோட விஷயத்தையும் எதுக்கு வச்சிருக்கீங்க?" பல பேருக்குப் பதில் தெரியாதாம்.

எனக்கு விளங்குகிற மாதிரி ஒரு தடவை சொன்னாள்.

"மாமா, லயத்துல வீட்டுக்கு வீடு நடுச்சுவரு இருக்குல்ல?"

"இருக்கு."

"அது கூரை வரைக்கும் போகுமா?"

போகாது. பாதியில் நின்றுவிடும். அடுத்த வீட்டுப் புகை நம் வீட்டுக்கு வரும். நம் வீட்டுச் சண்டை அடுத்த வீட்டுக்குப் போகும். நாலாவது வீட்டில் தும்மினால் முதல் வீட்டில் "நூறு வயசு" என்பார்கள்.

"அந்த மிச்சச் சுவரைக் கட்டுறதுதான் மாமா என் வேலை."

அன்றைக்கு விளங்கியது. அசந்துபோனேன். ஆனால் அவள் சுவர் கட்டியதை நேரில் பார்த்தது பிறகுதான்.

சில வருடங்களுக்கு முன்னால் நடந்தது. ஹட்டனில் ஒரு வெளிநாட்டு வேலை ஏஜென்சி. பெயர் வேண்டாம், இப்போது அந்தக் கடையும் இல்லை. ஒரு தோட்டத்திலிருந்து சில பெண்கள் அது மூலமாக மெடிக்கல் எடுத்துவிட்டு வந்திருந்தார்கள். ரிசல்ட்டுக்குக் காத்திருந்தார்கள்.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒருவர் டவுனுக்குப் போனால் ஊரே வேலை சொல்லும். மருந்து வாங்கிட்டு வாங்க, செருப்பைத் தைச்சிட்டு வாங்க, அப்படியே ஏஜென்சியில ஒரு எட்டு கேட்டுட்டு வாங்க. அன்றைக்குப் போனவர் தோட்டத்துச் சங்கத் தலைவர். நல்ல மனிதர். யாருக்கும் கெடுதல் நினைக்காதவர்.

தலைவர் ஏஜென்சியில் கேட்டார். அங்கிருந்தவர் தோட்டத்துப் பெயரைத் தட்டினார். திரையில் வந்ததைச் சத்தமாக வாசித்தார். நீங்கள் யார், அவர்கள் உங்களுக்கு யார் என்று ஒரு கேள்வி கிடையாது. எல்லாரும் பாஸ். லெட்சுமி மட்டும் ஃபெயில். ஏன் ஃபெயில் என்பதையும் வாசித்தார். ஒரு நோயின் பெயர்.

என்ன நோய் என்று எழுத மாட்டேன். பெயரைச் சொன்னால் நம் ஆட்கள் இரண்டடி தள்ளி நிற்பார்கள். அது போதும்.

நோர்வூட் பஸ்ஸில் கண்டக்டர் கேட்டிருக்கிறார், "என்ன தலைவரே, ரிசல்ட்டு?" தலைவர் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். அவர் சாதாரணமாகப் பேசினால் அடுத்த பஸ்ஸுக்குக் கேட்கும். தாழ்த்திப் பேசினால் இந்த பஸ் முழுவதும் கேட்கும்.

தலைவர் இறங்குவதற்கு முன்னால் செய்தி இறங்கிவிட்டது.

மறுநாள் பீலியில் லெட்சுமி தண்ணீர் பிடிக்க வந்தபோது மற்றப் பெண்கள் குடத்தை நகர்த்தினார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் புள்ளக்காம்பராவில் அவள் குழந்தைக்குத் தனிக் கோப்பை. மாமியார் தனித் தட்டு வைத்தார். யாரும் திட்டவில்லை. நகர்ந்தார்கள். அவ்வளவுதான்.

லெட்சுமி என் கடைக்கு வந்தாள். புருஷன் கொழும்பில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை. நம்பர் போட்டுக் கொடுத்தேன். பழக்கப்படி ஸ்பீக்கர் போட்டபடி இருந்தது. கடையில் நாலைந்து பேர்.

"அம்மா சொன்னாங்க," என்றான் அவன். "நீ ஒங்க அம்மா வீட்டுக்குப் போயிரு. புள்ள அங்கயே இருக்கட்டும்."

"நான் சொல்றதை ஒரு தடவ..."

"இதுல கேக்க என்ன இருக்கு?"

வைத்துவிட்டான். லெட்சுமி ரிசீவரைத் தன் முந்தானையால் துடைத்தாள். துடைத்துத்தான் வைத்தாள்.

"எனக்கு அப்படி ஒண்ணும் இல்லண்ணே."

"தெரியும்," என்றேன்.

எனக்கு எப்படித் தெரியும்? சொன்னேன்.

கொழும்புக்குக் கூப்பிட்டேன். இன்னார் வீட்டுப் பெண்ணுக்கு இன்ன மாதிரி என்று ஆரம்பித்தேன். வக்கீல் பிள்ளை நிறுத்தியது.

"இதை என்கிட்ட சொல்லச் சொல்லி அவங்க சொன்னாங்களா?"

"இல்ல. நானாத்தான்..."

"அப்ப நீங்க சொல்லாதீங்க மாமா. பக்கத்துல இருந்தா அவங்ககிட்ட போனைக் குடுங்க. ஸ்பீக்கரை அமத்துங்க."

அமத்தினேன். லெட்சுமி பேசினாள். நான் கேட்டது அவள் பாதியை மட்டும்தான். பெரும்பாலும் "உம்" என்றாள்.

அந்த வாரமே வக்கீல் பிள்ளை வந்துவிட்டாள். லெட்சுமி பயந்தாள், ஆகவே அவர்களோடு நானும் ஏஜென்சிக்குப் போனேன். மேசையில் கம்பியூட்டர். திரை வாசலைப் பார்த்தபடி இருந்தது. கம்பியூட்டர் இருப்பது தெருவுக்குத் தெரிய வேண்டுமே! திரை ஓரத்தில் ஒரு துண்டு பிளாஸ்டரில் பாஸ்வேர்ட் எழுதி ஒட்டியிருந்தார்கள். முருகா.

வக்கீல் பிள்ளை உட்காரவில்லை. முதலில் அந்தத் திரையைப் பிடித்து மெதுவாகச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். பிறகு உட்கார்ந்தாள்.

முதலாளிக்குக் கோபம். "மிஸ், இது எங்க கம்பியூட்டர்."

"பெட்டி உங்களதுதான். அதுக்குள்ள இருக்கிற லெட்சுமி உங்களது இல்லையே."

"அதெல்லாம் எந்தச் சட்டத்துல இருக்கு? காட்டுங்க பாப்போம்."

அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள், இதற்கென்று தனியாக ஒரு சட்டம் நம் நாட்டில் இன்னும் வரவில்லை என்று. கையில் ஆயுதம் இல்லாமல் வந்திருக்கிறாளே!

அவள் சிரித்தாள். சத்தம் கூட்டவில்லை.

"கம்பியூட்டர் புதுசு. அதுக்கு இனித்தான் சட்டம் வரணும். மானம் பழசு. அதுக்குப் பழைய சட்டமே இருக்கு. கோர்ட்டுக்கே போவமா, இல்ல இங்கயே பாத்திடுவமா?"

முதலாளி தண்ணீர் குடித்தார்.

"பாருங்க," என்றார்.

நான் நாற்காலியை இழுத்துக்கொண்டு திரைப் பக்கம் நகர்ந்தேன். யாருக்குத்தான் ஆசை இருக்காது?

"மாமா, நீங்க வெளிய இருங்க."

"நானா?"

"லெட்சுமி, நீங்களும். உங்க விஷயம் உங்களுக்குக் காட்டுவேன். மத்தவங்களதும் அதுல இருக்கு."

வெளியே நின்றோம். ஹட்டன் தெருவில் பஸ்கள் போயின. லெட்சுமி அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நானும்தான். நல்ல ஜோடி.

வெகு நேரம் கழித்து வக்கீல் பிள்ளை வந்தாள். மெடிக்கல் எடுத்த இடத்துக்கும் பேசிவிட்டாள். லெட்சுமியின் கையைப் பிடித்தாள்.

"நீங்க பாஸ். உங்களுக்கு ஒண்ணும் இல்ல. கம்பியூட்டர்ல ஏத்தினவங்க தப்பா ஏத்திட்டாங்க."

அப்போதுதான் லெட்சுமி அழுதாள். தெருவிலேயே.

"எப்படித் தப்பாச்சு?" என்று வக்கீல் பிள்ளையைக் கேட்டேன்.

என்னைப் பார்த்தாள். பிறகு பஸ்ஸைப் பார்த்தாள்.

கதை இத்துடன் முடிந்திருக்கலாம். வேறு வக்கீல் என்றால் முடிந்திருக்கும். அவள் ஏஜென்சி முதலாளியிடம் சொல்லிவிட்டாள், "ஊரறியச் சொன்னதை ஊரறிய மாத்திச் சொல்லணும்." சங்கத் தலைவர் தோட்டத்து மேனேஜர் தொரையிடம் பேசி அனுமதி வாங்கினார். மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்தில், எல்லாரும் கூடையோடு நிற்கும்போது.

பனி. முதலாளி சப்பாத்தோடு சேற்றில் நின்றார்.

"லெட்சுமி அவங்க மெடிக்கல் பாஸ். எங்க பக்கம்தான் தப்பு. மன்னிச்சுக்குங்க."

தலைவர் முன்னால் வந்தார். "நானும் வாய வச்சிக்கிட்டு இருந்திருக்கணும்," என்றார். இந்தத் தடவை குரலைத் தாழ்த்தவில்லை. அடுத்த தோட்டத்துக்கும் கேட்டிருக்கும்.

பிறகு மாமியார் கேட்டார்.

"அப்ப அந்த நோய் யாருது?"

நியாயமான கேள்வி. எனக்கும் அதே கேள்விதான்.

"தப்பா ஏறிருச்சுன்னா வேற யாருதோதானே ஏறியிருக்கு? எம் மருமகளை இந்தப் பாடு படுத்தினவ யாருன்னு தெரிய வேணாமா?"

பின்னால் ஒரு குரல். "பேரு மாறியிருக்கும். நம்ம தோட்டத்துலதான் இன்னும் லெட்சுமி இருக்காளுகளே. ரோட்டு லயத்து லெட்சுமி..."

"கோயில் லயத்துல ஒருத்தி."

"எங்க வீட்டுக்கு அடுத்த வீட்டுலயும் ஒருத்தி!"

எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். கூட்டத்தில் இருந்த லெட்சுமிகளின் முகத்தைப் பார்த்தேன். ஒருத்தி தலைத்துணியை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டாள். அவளுக்குப் பக்கத்தில் நின்றவள் அரை அடி நகர்ந்தாள்.

மறுபடியும் அந்த அரை அடி!

வக்கீல் பிள்ளை ஒரு கல் மேல் ஏறி நின்றாள்.

"பேரு மாறுச்சுன்னு நான் சொன்னேனா? இந்தத் தோட்டத்து ஆளுன்னு சொன்னேனா? உடப்புசல்லாவை, பட்டிப்பொலன்னு எங்கெங்கேர்ந்தோ வந்து பாத்தவங்க அந்தப் பெட்டிக்குள்ள இருக்காங்க. எப்படி மாறுச்சுன்னு எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்."

"ஒட்டிக்கிட்டா? எங்களுக்கும் புள்ளகுட்டி இருக்குல்ல?"

"தொட்டா ஒட்டாது. டாக்டர்கிட்டக் கேட்டுட்டுத்தான் சொல்றேன். யாருக்குச் சொல்லணுமோ அவங்களுக்கு டாக்டரே சொல்லுவாரு. வைத்தியம் இருக்கு."

மாமியார் விடவில்லை. "அப்ப எம் மருமக பட்ட பாட்டுக்கு யாரு பதில் சொல்றது?"

"தனித் தட்டு வச்சது நோயா, நீங்களாம்மா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். அவர்களும் குடம் நகர்த்தியவர்கள்தான்.

ஆனாலும் கூட்டம் கலையவில்லை. எனக்கு அந்த முகங்கள் தெரியும். பாதி நம்பினார்கள். மற்றப் பாதி, கொழும்பு வக்கீல் வந்து எதையோ மூடி மறைக்கிறாள் என்று பார்த்தது. ஒரு பெயர் விழுந்தால் எல்லாம் நேராகிவிடும். லெட்சுமிக்கும் அது தெரிந்தது. அவள் கல்லுக்குக் கிட்டே வந்தாள்.

"அக்கா, பேரைச் சொல்லிட்டீங்கன்னா எனக்கு முழுசா முடிஞ்சிரும்."

"ஆமா. உங்களுக்கு முடிஞ்சிரும். அவங்களுக்கு இன்னைக்கு ஆரம்பிக்கும்."

"நான் கேட்டாலும் சொல்ல மாட்டீங்களா?"

"நீங்க கேட்டாலும் சொல்ல மாட்டேன்."

தன் சொந்தக் கட்சிக்காரியிடம் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்கிற வக்கீலை நான் அதுவரை பார்த்ததில்லை. லெட்சுமி கோபித்துக்கொண்டு போய்விடுவாள் என்று நினைத்தேன். குழந்தை அவளுடையது. வீடு அவளுடையது. போனால் அவளுக்குத்தான் போகும்.

லெட்சுமி நின்றாள். அந்தத் தலைத்துணியை இழுத்துவிட்டவளைப் பார்த்தாள். மற்ற லெட்சுமிகளையும் பார்த்தாள். பிறகு கூடையை எடுத்துக் கயிற்றைத் தலையில் மாட்டினாள்.

"யாரும் யாரையும் கேக்காதீங்க," என்றாள். சத்தமாகத்தான் சொன்னாள். "நான் பட்டது போதும். அவ யாரா வேணா இருக்கட்டும். எனக்குப் பக்கத்து நெரையில வந்து கொழுந்து எடுக்கட்டும்."

மலை ஏறிவிட்டாள்.

தலைவர் தொண்டையைக் கனைத்தார். ஒவ்வொருவராகக் கூடையை எடுத்தார்கள். அன்றைக்கு யார் அவள் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தார்கள் தெரியுமா? முதலில் போய் நின்றது மாமியார். தலைவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மெதுவாகச் சொன்னார். இந்தத் தடவை உண்மையிலேயே மெதுவாக.

புருஷன்காரன் அடுத்த பஸ்ஸில் வந்தான். அவர்கள் வீட்டில் என்ன பேசினார்கள், அவள் வெளிநாடு போனாளா இல்லையா... அது அவர்கள் விஷயம். பாருங்கள், எனக்கும் பழகிவிட்டது.

அன்றைக்குக் கொழும்பு பஸ்ஸுக்கு முன்னால் வக்கீல் பிள்ளை கடையில் பிளேன்டீ குடித்தாள். நான் கேட்டேன்.

"எத்தனையோ சட்டம் இருக்கு. இதை ஏன் புள்ள பிடிச்ச?"

மேசையில் இருந்த போனைக் காட்டினாள்.

"எங்கம்மா குவைத்லேர்ந்து இதுலதான் பேசினாங்க. இருந்த காலம் பூரா ஒரே வார்த்தை. நல்லா இருக்கேன். வந்த பிறகு முதுகைக் காட்டினாங்க மாமா. இஸ்திரிப்பெட்டித் தழும்பு." கோப்பையைச் சுற்றினாள். "லயமே கேட்டுக்கிட்டு நிக்கும்போது வேற என்னத்தைச் சொல்லுவாங்க?"

அவள் பஸ் ஏறிப் போனாள்.

மறுநாள் ஆசாரியைக் கூப்பிட்டேன். கடை மூலையில் பலகையால் ஒரு கூண்டு. உள்ளே போன். கதவு. பலகையைப் பாதியில் நிறுத்தப் பார்த்தார், அதுதான் வழக்கமாம். "கூரை வரைக்கும் அடிங்க," என்றேன்.

"உள்ள புழுங்குமே?"

"புழுங்கட்டும்."

கடைத்தெருவில் கேலி தாங்கவில்லை. "என்னண்ணே, மூலஸ்தானம் கட்டிட்டீங்க, பூசை எத்தனை மணிக்கு?" ஸ்பீக்கர் வேண்டும் என்று சண்டைக்கு வந்தவர்களும் உண்டு. வந்தார்கள், போனார்கள். பிறகு ஒரு விஷயம் கவனித்தேன். நல்லா இருக்கேன் என்று அரை நிமிடத்தில் முடிகிற பேச்சு, கூண்டுக்குள் போனால் நீண்டுவிடுகிறது. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வருகிறார்கள். சிலர் சிரித்துக்கொண்டு. நான் பில்லை மட்டும் கொடுக்கிறேன்.

ஆசாரி வேலையை முடிப்பதற்கு முன்னால், கதவு இன்னும் மாட்டாத ஒரு மாலையில், ஒரு பெண் கடைக்கு வந்தாள். அந்தப் பெரட்டில் நின்றவள்தான். வாசலிலேயே நின்றாள். கடையில் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு கேட்டாள்.

"அண்ணே, அந்த லோயர் அக்கா நம்பர் இருக்கா?"

இருக்கிறது என்றேன். போட்டேன். மணி அடித்தது. ரிசீவரைக் கொடுத்தேன். வாங்கினாள். பேசவில்லை. என்னைப் பார்த்தாள். கதவில்லாத கூண்டையும் பார்த்தாள்.

"நீங்க கொஞ்சம்..." என்றாள்.

என் கடை. என் போன். இத்தனை வருடத்தில் யாரும் என்னை வெளியே போகச் சொன்னதில்லை.

குடையை எடுத்தேன். கடைக் கதவை வெளியிலிருந்து சாத்தினேன். தெருவில் தூறலில் போய் நின்றேன். எதிர்க்கடைக்காரர் சத்தம் போட்டார், "என்னண்ணே, சொந்தக் கடையிலயே இடம் இல்லியா?"

"இல்ல," என்றேன்.

வெகு நேரம் நின்றேன். கால் நனைந்தது. அவள் வெளியே வந்தாள், காசைக் கையில் வைத்தாள், போனாள். நடை கொஞ்சம் லேசாகி இருந்த மாதிரி இருந்தது.

யார் அவள் என்று கேட்டு யாரும் கடிதம் போடாதீர்கள். அன்றைக்கு நோர்வூட்டில் நல்ல பனி. எனக்கு முகம் தெரியவில்லை.